அவகாசம் கேட்கும் அணு

பிளஸ் டூ இயற்பியலில் எல்லோரும் மனப்பாடம் செய்த ஒரு விதி உண்டு. அணுவில் இரண்டு ஆற்றல் மட்டங்களுக்கு இடையே எவ்வளவு வித்தியாசமோ, சரியாக அவ்வளவு ஆற்றல் உள்ள ஃபோட்டானை மட்டுமே அணு உட்கவரும். ஒரு துளி கூடினாலும் தொடாது, குறைந்தாலும் தொடாது. 1913-இல் நீல்ஸ் போர் சொன்னது. தேர்வில் எழுதினால் முழு மதிப்பெண் நிச்சயம். ஆனால் அதை எழுத்துப் பிசகாமல் அப்படியே நம்பினால், உலகத்தில் எந்த அணுவும் எந்த ஒளியையும் எப்போதும் உட்கவர முடியாது.

காரணம் எளிது. ஒளியின் அதிர்வெண்ணுக்குப் படிகள் கிடையாது. வினாடிக்கு 509 லட்சம் கோடி அதிர்வு, அதைவிட ஒன்று கூட, அரை கூட, அரையில் ஆயிரத்தில் ஒரு பங்கு கூட என்று இடைவெளியே இல்லாமல் போய்க்கொண்டிருக்கும். அந்த முடிவற்ற மதிப்புகளில் ஒரே ஒரு புள்ளியை மட்டும்தான் அணு ஏற்கும் என்றால், வருகிற ஒளி துல்லியமாக அந்தப் புள்ளியில் வந்து அமரும் வாய்ப்பு பூஜ்யம்.

நடப்பது அப்படியில்லை. 1814-இல் ஜெர்மானியக் கண்ணாடி வல்லுநர் ஜோசப் ஃப்ரான்ஹோஃபர் சூரிய ஒளியை நிறமாலையாகப் பிரித்துப் பார்த்தபோது, வண்ணங்களின் நடுவே நூற்றுக்கணக்கான கருங்கோடுகள் கிடந்தன. முக்கியமானவற்றுக்கு எழுத்துகளால் பெயரிட்டார். மஞ்சள் பகுதியில் அவர் 'டி' என்று குறித்தது 589 நானோமீட்டருக்கு அருகே உள்ள ஒரு ஜோடி. அது சோடியத்தின் வேலை என்பது 1859-இல் கிர்க்காஃப், புன்சன் ஆகியோரின் ஆய்வில் தெளிவானது. சூரியனின் வெளிப்படலத்தில் உள்ள சோடியம் அணுக்கள், உள்ளிருந்து வரும் மஞ்சள் ஒளியில் தங்களுக்கானதை எடுத்துக்கொள்கின்றன. கோடு என்று ஒன்று கண்ணுக்குத் தெரிந்தால் அதற்கு அகலம் இருந்தாக வேண்டும். எல்.ஈ.டி. வருவதற்கு முன் நம் தெருக்களில் மஞ்சளாக எரிந்த சோடியம் விளக்குகளிலும் இதைப் பார்க்கலாம். உள்ளே அழுத்தம் அதிகமான அந்த விளக்குகளின் ஒளியைப் பிரித்தால் சரியாக 589 நானோமீட்டர் இருக்க வேண்டிய இடம் இருண்டு கிடக்கும். நடுவில் பிறந்த மஞ்சளை ஓரத்தில் இருக்கும் குளிர்ந்த சோடியம் ஆவியே விழுங்கிவிடுகிறது.

இந்த அகலம் எங்கிருந்து வருகிறது?

சோடியம் அணு மஞ்சள் ஒளியை வாங்கிக்கொண்டு கிளர்வு நிலைக்கு ஏறினால், அங்கே சராசரியாக 16 நானோ வினாடிதான் தங்கும். ஒரு வினாடியை நூறு கோடியாகப் பிரித்தால் ஒரு பங்கு ஒரு நானோ வினாடி. அதற்குள் வாங்கிய ஒளியை வெளியே விட்டுவிட்டு இறங்கிவிடும். இந்த 16 நானோ வினாடி ஆயுள்தான் கோட்டின் இயல்பான அகலத்தை நிர்ணயிக்கிறது. ஆயுள் குறைந்தால் கோடு விரியும், நீண்டால் கோடு ஒடுங்கும். சோடியத்துக்குக் கணக்குப் போட்டால் அகலம் சுமார் 1 கோடி ஹெர்ட்ஸ். மஞ்சள் ஒளியின் அதிர்வெண் 509 லட்சம் கோடி ஹெர்ட்ஸ். அதாவது ஐந்து கோடியில் ஒரு பங்கு விலகலை அணு பொருட்படுத்துவதில்லை. இந்த அகலத்தை குவாண்டம் விதிகளிலிருந்து முறையாகக் கணக்கிட்டுக் காட்டியவர்கள் விக்டர் வைஸ்கோஃப், யூஜின் விக்னர். ஆண்டு 1930.

ஆற்றலில் உள்ள சிதறலையும் அதற்குரிய கால அளவையும் பெருக்கினால் வரும் மதிப்பு, பிளாங்க் மாறிலி விதிக்கும் ஓர் எல்லைக்குக் கீழே போகாது. இதுதான் ஆற்றல்–நேர நிச்சயமின்மை. கேட்க மந்திரம் போலத் தோன்றும். ஆனால் அதன் வேர் குவாண்டம் பிறப்பதற்கு வெகு காலம் முன்பே, ஒலியில் இருக்கிறது.

திருச்சிராப்பள்ளியில் பிறந்த சி. வி. ராமன் ஒளிச் சிதறலுக்கு வந்து சேரும் முன், கல்கத்தாவில் இசைக் கருவிகளோடு நிறைய காலம் செலவிட்டவர். மிருதங்கத் தோலிலிருந்து சுருதியோடு இசையும் மேல்சுரங்கள் எப்படிப் பிறக்கின்றன என்று 1920-இல் 'நேச்சர்' இதழில் எழுதினார். அடுத்த ஆண்டு தம்பூராவும் வீணையும் அவர் ஆய்வுக்கு வந்தன. தம்பூராவைச் சுருதி சேர்ப்பவர் காதை வைத்து என்ன செய்கிறார் என்பதைக் கவனித்தாலே பாதி விஷயம் புரிந்துவிடும். ஒரு தந்தி வினாடிக்கு 130 முறையும் அடுத்த தந்தி 131 முறையும் அதிர்ந்தால், இரண்டும் சேர்ந்து ஒலிக்கும்போது வினாடிக்கு ஒரு தடவை நாதம் எழும்பித் தாழும். பாடநூல்கள் இதை விம்மல் என்கின்றன. அந்த ஒரு ஹெர்ட்ஸ் பிசகைப் பிடிக்க ஏறத்தாழ ஒரு வினாடியாவது காது கொடுத்தாக வேண்டும். பிசகு பத்தில் ஒரு ஹெர்ட்ஸ் என்றால் பத்து வினாடி. வினாடியில் நூறில் ஒரு பங்கு நேரம் மட்டும் கேட்டால்? தந்தி ஒன்றேகால் முறைதான் ஆடியிருக்கும். அது 130-ஆ 150-ஆ என்றுகூடச் சொல்ல முடியாது. இது காதின் குறையில்லை. அவ்வளவு குறுகிய ஒலிக்கு ஒரே அதிர்வெண் என்பதே கிடையாது.

இதில் குவாண்டம் ஏதும் இல்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஃபூரியே வகுத்த கணிதம் மட்டுமே. குவாண்டம் இயற்பியல் இதன்மேல் சேர்த்தது ஒரே ஒரு சமன்பாடு: ஒரு ஃபோட்டானின் ஆற்றல், ஒளியின் அதிர்வெண்ணை பிளாங்க் மாறிலியால் பெருக்கியது. அதிர்வெண் துல்லியமாக இருக்க நேரம் வேண்டும் என்றால், ஆற்றல் துல்லியமாக இருக்கவும் நேரம் வேண்டும்.

உட்கவர்தலை ஒரு நொடிப்பொழுதுத் தாவலாக வரைந்து காட்டும் படங்கள்தான் இங்கே குழப்பத்தின் ஊற்று. கீழே ஒரு கோடு, மேலே ஒரு கோடு, நடுவில் ஓர் அம்புக்குறி. உண்மையில் ஒளியலை அணுவின் எலக்ட்ரான் மேகத்தை ஒவ்வொரு அதிர்விலும் கொஞ்சம் கொஞ்சமாக ஆட்டுகிறது. அணுவுக்கென்று ஓர் இயல்பான அதிர்வெண் உண்டு. ஒளி அதனோடு இசைந்து வந்தால் ஒவ்வொரு தள்ளலும் முந்தையதோடு சேர்ந்து ஆட்டம் பெருகும். ஒளியின் அதிர்வெண் சற்று விலகியிருந்தால் ஆரம்பத்தில் இரண்டும் சேர்ந்தே ஆடும். பிறகு மெல்லப் பிசகி, ஒரு கட்டத்தில் எதிரெதிராகி, அதுவரை கொடுத்ததை ஒளியே திரும்ப வாங்கிக்கொள்ளும். எவ்வளவு நேரத்தில் பிசகும்? விலகல் ஒரு கோடி ஹெர்ட்ஸ் என்றால் ஒரு கோடியில் ஒரு பங்கு வினாடி. அந்தப் பிசகு முற்றுவதற்குள் கிளர்வு நிலையின் ஆயுள் முடிந்துவிட்டால், விலகல் இருந்ததே அணுவுக்குத் தெரியாது. ஒளி உட்கவரப்பட்டுவிடும். கோட்டின் அகலம் என்பது இவ்வளவுதான். சோடியம் அணுவின் 16 நானோ வினாடி சொற்பமாகத் தோன்றினாலும், அதற்குள் மஞ்சள் ஒளி 80 லட்சம் தடவைக்கு மேல் அதிர்ந்துவிடுகிறது. அந்த நேரத்தில் வெளிவரும் அலைத்தொடரை நீட்டிப் போட்டால் ஏறத்தாழ 5 மீட்டர் நீளம் வரும்.

சாதாரண ஆய்வகத்தில் இந்த இயல்பு அகலத்தை நேரடியாகப் பார்க்க முடியாது. அறை வெப்பநிலையில் சோடியம் அணுக்கள் வினாடிக்கு ஐந்நூறு மீட்டருக்கு மேற்பட்ட வேகத்தில் எல்லாத் திசைகளிலும் பாய்கின்றன. எதிர்வரும் அணுவுக்கு ஒளியின் அதிர்வெண் கூடியதாகவும், விலகி ஓடும் அணுவுக்குக் குறைந்ததாகவும் தெரியும். இந்த டாப்ளர் விளைவால் கோடு நூறு மடங்குக்கு மேல் விரிந்து, இயல்பு அகலத்தை மூடிவிடுகிறது. அணுக்களை லேசரால் குளிரவைத்து நிறுத்தினால் இந்த விரிவு விலகி, இயல்பு அகலம் வெளிப்படும்.

ஆனால் பிரபஞ்சத்தில் இந்த அகலம் யாருடைய உதவியும் இல்லாமல் பளிச்சென்று தெரியும் இடம் ஒன்று இருக்கிறது. தொலைதூரக் குவேசார்களின் ஒளி நம்மை நோக்கி வரும் வழியில் ஹைட்ரஜன் மேகங்களைக் கடக்கிறது. ஹைட்ரஜனின் 121.6 நானோமீட்டர் கோட்டுக்குரிய கிளர்வு நிலையின் ஆயுள் 1.6 நானோ வினாடி. அதன் இயல்பு அகலம் அதிர்வெண்ணில் சுமார் 2.5 கோடியில் ஒரு பங்குதான். ஆனால் அகலம் என்பது வேலி போட்டது போல ஓரிடத்தில் நின்றுவிடுவதில்லை. இரு பக்கமும் மெலிந்துகொண்டே போகும் வால்கள் உண்டு. மையத்திலிருந்து வெகு தூரத்தில் ஓர் அணு ஒளியை எடுக்கும் வாய்ப்பு மிகமிகக் குறைவு, ஆனால் பூஜ்யமில்லை. வழியில் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 2-க்குப் பின் 20 பூஜ்யம் போட்ட எண்ணிக்கையில் அணுக்கள் நின்றால், அந்தச் சொற்ப வாய்ப்பே போதும். நிறமாலையில் ஓர் அகன்ற கருங்குழி விழுகிறது. இந்தக் குழியின் சரிவை வைத்துத்தான் வானியலாளர்கள் ஆரம்பகால விண்மீன் மண்டலங்களில் எவ்வளவு ஹைட்ரஜன் இருந்தது என்று கணக்கிடுகிறார்கள். 'சரியாக அதே ஆற்றல்' என்ற பாடநூல் விதிக்கு இதைவிடப் பெரிய மறுப்பு வேண்டியதில்லை.

ஆற்றல்–நேர நிச்சயமின்மையைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் ஒரு கடன் கதையைச் சொல்வார்கள். இயற்கை கொஞ்ச நேரத்துக்கு இல்லாத ஆற்றலைக் கடனாக எடுத்துக்கொள்ளும். தொகை பெரிதானால் தவணை குறையும். குறித்த நேரத்துக்குள் திருப்பிக் கட்டிவிட்டால் ஆற்றல் அழிவின்மை விதிக்குத் தெரியவே தெரியாது. கேட்கச் சுவையான கதை. இயற்பியலுக்கு இது செய்த தீங்கும் அதிகம்.

ராமன் விளைவையே எடுத்துக்கொள்ளலாம். 1928 பிப்ரவரி 28-ஆம் தேதி கல்கத்தாவில் ராமனும் கே. எஸ். கிருஷ்ணனும் உறுதிசெய்தது: ஒரு திரவத்தின் மீது ஒரே நிற ஒளி பட்டால் சிதறி வரும் ஒளியில் சிறிதளவு நிறம் மாறியிருக்கும். உள்ளே போன ஒளிக்கு மூலக்கூறை எந்த எலக்ட்ரான் கிளர்வு நிலைக்கும் ஏற்றும் ஆற்றல் கிடையாது. பல நூல்கள் இதை விளக்க, மூலக்கூறு ஒரு 'மாய நிலைக்கு' கடன் வாங்கி ஏறி, உடனே இறங்கிவிடுகிறது என்று எழுதுகின்றன. ஆனால் கணக்கைப் பார்த்தால் ஒரு பைசா குறையவில்லை. உள்ளே போன ஃபோட்டானின் ஆற்றலும், வெளியே வந்த ஃபோட்டானும் மூலக்கூறின் அதிர்வும் சேர்ந்த ஆற்றலும் எப்போதும் சமம். அந்த 'மாய நிலை' மூலக்கூறு நின்று இளைப்பாறும் இடமல்ல, கணக்கில் வரும் ஓர் உறுப்பு மட்டுமே. உண்மையில் நிகழ்வது முன்பு சொன்ன பிசகல்தான். ஒளிக்கும் மூலக்கூறின் நிலைக்கும் இடையே 1 எலக்ட்ரான் வோல்ட் இடைவெளி இருந்தால், மூலக்கூறு ஒளியோடு சேர்ந்து ஆட முடிகிற நேரம் ஏறத்தாழ 0.66 ஃபெம்டோ வினாடி. ஒளி நின்றதும் ஆட்டமும் அவ்வளவு வேகத்தில் அடங்கிவிடும்.

விசித்திரம் என்னவென்றால், ஆற்றல்–நேர உறவுக்குத் தெளிவான பொருள் கொடுத்தவர்களில் முதன்மையானவர், ராமனோடு கிட்டத்தட்ட ஒரே சமயத்தில் ராமன் விளைவைக் கண்டவர். மாஸ்கோவில் லியோனித் மந்தெல்ஷ்தாமும் கிரிகோரி லாந்ஸ்பெர்க்கும் அதே 1928-இல் குவார்ட்ஸ் படிகத்தில் இதே நிறமாற்றத்தைப் பார்த்தார்கள். ரஷ்ய நூல்கள் வெகு காலம் ராமன் பெயரைச் சொல்லாமல் வேறு பெயரிலேயே அதை அழைத்தன. அந்த மந்தெல்ஷ்தாமும் இகோர் தாமும் ஆற்றல்–நேர உறவு பற்றி எழுதிய கட்டுரை 1945-இல் வெளியானது.

அவர்கள் எடுத்துக்கொண்ட சிக்கல், ஹைசன்பர்க் 1927-இல் நிச்சயமின்மையை முன்வைத்தபோது விட்டுச்சென்றது. இடம், உந்தம் என்ற ஜோடியில் இரண்டுமே துகளுக்குச் சொந்தமானவை, இரண்டையும் அளக்கலாம். ஆற்றல், நேரம் என்ற ஜோடியில் நேரம் துகளுக்குச் சொந்தமில்லை. அது சுவரில் மாட்டிய கடிகாரத்தில் ஓடுவது. குவாண்டம் கணிதத்தில் நேரத்துக்கு மற்ற அளவுகளைப் போன்ற தகுதி கொடுக்க முடியாது என்பதை வுல்ஃப்காங் பவுலி சுட்டிக்காட்டினார். லெவ் லண்டாவ் இதைக் கிண்டலடித்ததாக ஒரு கதை இயற்பியலாளர் வட்டாரத்தில் உலவுகிறது. ஆற்றலை மிகத் துல்லியமாக அளந்துவிட்டு உடனே கைக்கடிகாரத்தைப் பார்த்தால் போதும், நிச்சயமின்மை உடைந்துவிடும் என்றாராம். கிண்டலுக்குள் விஷயம் இருக்கிறது. மந்தெல்ஷ்தாம், தாம் இருவரும் சொன்ன விளக்கப்படி, அந்த 'நேரம்' அளப்பவருடைய கடிகார நேரம் அல்ல. ஓர் அமைப்பு கவனிக்கத்தக்க அளவு மாறுவதற்கு எடுத்துக்கொள்ளும் நேரம். ஆற்றல் துல்லியமாக உள்ள அமைப்பு மாறவே மாறாது. வேகமாக மாறுகிற அமைப்புக்கு ஆற்றல் சிதறித்தான் இருக்கும். அளவீட்டை அவசரமாகச் செய்தால் ஆற்றல் தவறாக வரும் என்று பொதுவாகச் சொல்வதும் சரியல்ல என்பதை 1961-இல் யாகிர் அஹரோனோவும் டேவிட் போமும் காட்டினார்கள்.

ஐன்ஸ்டீனுக்கும் இந்த உறவு உறுத்திக்கொண்டே இருந்தது. 1930-இல் பிரஸ்ஸல்ஸில் நடந்த சால்வே மாநாட்டில் அவர் ஒரு கற்பனைப் பெட்டியைக் கொண்டுவந்தார். உள்ளே ஒளி, சுவரில் ஒரு துவாரம், துவாரத்தைக் கடிகாரம் இயக்கும் ஒரு மூடி. குறித்த கணத்தில் மூடி திறந்து ஒரே ஒரு ஃபோட்டானை வெளியே விடும். பெட்டியை முன்னும் பின்னும் எடை போட்டால் போன ஆற்றல் தெரிந்துவிடும், கடிகாரத்தால் நேரமும் தெரிந்துவிடும். நீல்ஸ் போர் அன்றிரவு தூங்கவில்லை என்பார்கள். மறுநாள் அவர் சொன்ன பதிலில் ஐன்ஸ்டீனின் ஆயுதமே இருந்தது. எடை போடும்போது பெட்டி புவியீர்ப்பில் மேலும் கீழும் அசையும். உயரம் மாறினால் கடிகாரம் ஓடும் வேகம் மாறும் என்பது பொதுச் சார்பியல். அந்த மாற்றம் நேரத்தைத் தேவையான அளவுக்குக் குழப்பிவிடும். போரின் வாதம் முழுக்கச் சரிதானா என்று இன்றும் விவாதிக்கிறார்கள். ஆனால் உயரத்தால் கடிகாரம் மாறும் என்பதை முதன்முதலில் பூமியிலேயே அளக்க, முப்பது ஆண்டுகள் கழித்து உதவியது ஒளி உட்கவர்தலின் இயல்பு அகலம்தான்.

அந்தக் கதை ஹைடல்பர்க்கில் தொடங்குகிறது. 1957-இல் முனைவர் பட்ட மாணவராக இருந்த ருடால்ஃப் மோஸ்பவர் இரிடியம்-191 அணுக்கருக்கள் காமா கதிரை உட்கவர்வதை ஆராய்ந்துகொண்டிருந்தார். அணுக்கருவின் கோடுகள் நம்ப முடியாத அளவுக்கு ஒடுங்கியவை. பிரபலமான இரும்பு-57-ஐ எடுத்துக்கொண்டால், கிளர்வு நிலையின் ஆயுள் சுமார் 141 நானோ வினாடி, காமா கதிரின் ஆற்றல் 14,400 எலக்ட்ரான் வோல்ட். அகலம் அதில் மூன்று லட்சம் கோடியில் ஒரு பங்கு. இவ்வளவு ஒடுங்கிய கோட்டில் ஒரு பிரச்சினை. காமா கதிரை வெளிவிடும் அணுக்கரு பின்னோக்கி உதைபடுகிறது. தனித்து நிற்கும் இரும்பு அணுவில் அந்த உதையில் போகும் ஆற்றல் கோட்டின் அகலத்தைப் போல நான்கு லட்சம் மடங்கு. பிறகு இன்னொரு இரும்பு அணுக்கரு அந்தக் கதிரை எப்படி எடுக்கும்? எடுக்காது. குளிரவைத்தால் உட்கவர்தல் இன்னும் குறையும் என்றே மோஸ்பவரும் எதிர்பார்த்தார். கூடியது. குளிர்ந்த படிகத்தில் உதையை ஓர் அணு மட்டும் வாங்காமல் படிகம் முழுவதும் சேர்ந்து வாங்கிக்கொள்வதால் இழப்பே இல்லாமல் போயிருந்தது. 1961-இல் நோபல் பரிசு. அப்போது அவருக்கு வயது 32.

ஒடுங்கிய கோடு கையில் கிடைத்தவுடன் ஹார்வர்டில் ராபர்ட் பவுண்டும் கிளென் ரெப்காவும் ஜெஃபர்சன் ஆய்வகக் கோபுரத்தில் வேலையில் இறங்கினார்கள். உயரம் 22.5 மீட்டர். ஒரு முனையில் காமா கதிர் மூலம், மறு முனையில் இரும்பு-57 உள்ள தகடு. நடுவே காற்று கதிரை எடுத்துவிடக் கூடாது என்று ஹீலியம் நிரப்பிய பை. புவியீர்ப்பால் அந்த உயரத்தில் கதிரின் அதிர்வெண் மாற வேண்டிய அளவு 400 லட்சம் கோடியில் ஒரு பங்கு. கோட்டின் அகலமே இதைவிட நூறு மடங்குக்கு மேல். எனவே மூலத்தை மெல்ல முன்னும் பின்னும் அசைத்து, எந்த வேகத்தில் உட்கவர்தல் எவ்வளவு குறைகிறது என்று பார்த்தார்கள். இரும்பு-57-க்கு வினாடிக்கு ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு வேகம் போதும், கோட்டை விட்டு நகர. 1960-இல் வெளியான முடிவு ஐன்ஸ்டீன் சொன்னதோடு பத்து சதவீதத் துல்லியத்துக்குள் ஒத்துப்போனது. சில ஆண்டுகளில் பவுண்டும் ஜோசப் ஸ்னைடரும் அதை ஒரு சதவீதத்துக்குக் கொண்டுவந்தார்கள்.

இதே உத்தி செவ்வாய்க்கும் போனது. 2004-இல் அங்கே இறங்கிய ஸ்பிரிட், ஆப்பர்ச்சுனிட்டி ஊர்திகளின் கையில் ஜெர்மனியின் மைன்ஸ் நகரில் உருவான சிறிய மோஸ்பவர் கருவி இருந்தது. இரும்பு எந்தத் தாதுவில் இருக்கிறது என்பதற்கேற்ப அதன் கோடுகள் லேசாக நகரும், பிளக்கும். ஆப்பர்ச்சுனிட்டி ஜரோசைட் என்ற தாதுவை இப்படித்தான் கண்டுபிடித்தது. தண்ணீர் இருந்தால் மட்டுமே உருவாகும் தாது அது. கருவியின் கோபால்ட்-57 மூலத்தின் அரை ஆயுள் 272 நாள். 90 நாளுக்கு என்று அனுப்பிய ஊர்திகள் ஆண்டுக்கணக்கில் ஓடியதால், மூலம் தேயத் தேய ஒவ்வொரு அளவீட்டுக்கும் மேலும் மேலும் நேரம் காத்திருக்க வேண்டியதாயிற்று.

மறு கோடியில், நேரத்தைச் சுருக்கிக்கொண்டே போனால் என்ன ஆகும்? 10 ஃபெம்டோ வினாடி மட்டும் நீடிக்கும் லேசர் துடிப்பு இன்று பல ஆய்வகங்களில் சாதாரணம். 800 நானோமீட்டரை மையமாகக் கொண்ட அப்படியொரு துடிப்புக்கு 90 நானோமீட்டருக்கு மேல் அகலம் இருந்தே தீரும். லேசர் என்றால் ஒரே நிறம் என்று படித்தது இங்கே செல்லாது. 2023-இல் பியர் அகோஸ்தினி, ஃபெரென்ஸ் க்ரௌஸ், ஆன் லுயிலியே ஆகியோருக்கு நோபல் பரிசு பெற்றுத்தந்த அட்டோ வினாடித் துடிப்புகள் இன்னும் மோசம். 100 அட்டோ வினாடித் துடிப்பின் ஆற்றல் சிதறல் சுமார் 18 எலக்ட்ரான் வோல்ட். ஹைட்ரஜன் அணுவிலிருந்து எலக்ட்ரானைப் பிய்த்தெடுக்கத் தேவையானதே 13.6 தான். அத்தகைய துடிப்பிடம் எந்த மட்டத்துக்கு ஏற்றினாய் என்று கேட்பதில் பொருளில்லை. ஆனால் எப்போது என்று கேட்கலாம். 2010-இல் ஜெர்மனியின் கார்ஹிங்கில் நியான் அணுவை இப்படிச் சோதித்தபோது, ஒரு மட்டத்து எலக்ட்ரான் மற்றொரு மட்டத்து எலக்ட்ரானைவிட ஏறத்தாழ 20 அட்டோ வினாடி பிந்தி வெளியேறியது. ஒளி பட்டவுடன் கணத்தில் எலக்ட்ரான் வெளியேறிவிடும் என்று நூறாண்டுகள் எடுத்துக்கொண்டிருந்த விஷயம் அது.

அணுக்கடிகாரம் செய்பவர்கள் நேர் எதிர்த் திசையில் போகிறார்கள். வினாடிக்கு இலக்கணம் தரும் சீசியத்தின் 9,192,631,770 ஹெர்ட்ஸ் அதிர்வில், அணுக்களை மேலே எறிந்து விழவிடும் ஊற்றுக் கடிகாரத்தில் அவற்றைக் கவனிக்கக் கிடைப்பது சுமார் அரை வினாடி. அதனால் கோட்டின் அகலம் ஏறத்தாழ ஒரு ஹெர்ட்ஸ். ஸ்ட்ரான்ஷியம் கடிகாரத்தில் கிளர்வு நிலையின் ஆயுள் நூறு வினாடிக்கும் மேல், அதிர்வெண் 429 லட்சம் கோடி ஹெர்ட்ஸ். இயல்பு அகலம் ஆயிரத்தில் ஒரு ஹெர்ட்ஸ் அளவுதான். இங்கே தடை அணு அல்ல, அத்தனை நேரம் தாளம் தப்பாமல் ஒலிக்கும் லேசர்தான். அமெரிக்காவின் போல்டரில் உள்ள ஜிலா ஆய்வகத்தில் ஜுன் யேயின் குழு 2022-இல் வெளியிட்ட அளவீடு, ஒரே அணுக்கூட்டத்தின் மேல்பகுதிக்கும் கீழ்ப்பகுதிக்கும் இடையே, ஒரு மில்லிமீட்டர் உயர வித்தியாசத்தில், நேரம் ஓடும் வேகம் மாறுவதைப் பிடித்தது. ஹார்வர்டுக்கு 22.5 மீட்டர் கோபுரம் தேவைப்பட்டிருந்தது.

ஒடுங்கிய கோட்டுக்கு ஒரு கெட்ட குணம் உண்டு: அது கிடைக்கவே கிடைக்காது. தோரியம்-229 அணுக்கருவில், லேசரால் தொடக்கூடிய அளவுக்குத் தாழ்ந்த ஒரு கிளர்வு நிலை இருக்கிறது என்பது 1976-இலேயே ஊகிக்கப்பட்டது. அணுக்கரு வெளியுலகத் தொந்தரவுகளுக்கு எளிதில் அசையாது, எனவே அதைவிட நல்ல கடிகாரம் அமையாது. ஆனால் அந்த நிலை எங்கே? 1990-களில் 3.5 எலக்ட்ரான் வோல்ட் என்றார்கள், 2007-இல் 7.6 என்றார்கள், 2019-இல் 8.28. ஒரே ஒரு எலக்ட்ரான் வோல்ட் நிச்சயமின்மையே அதிர்வெண்ணில் 240 லட்சம் கோடி ஹெர்ட்ஸ். தேடுகிற கோட்டின் இயல்பு அகலமோ ஒரு ஹெர்ட்ஸில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் கீழ். நேர்த்தியான ஒடுங்கிய லேசரைக் கொண்டு தேடப் போனால் ஆயுள் போதாது. தேடலுக்கு அகலமான லேசர்தான் வேண்டும். 2024 ஏப்ரலில் வியன்னா தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் ஜெர்மனியின் தேசிய அளவியல் நிறுவனமும் தோரியம் கலந்த கால்சியம் ஃபுளோரைடு படிகத்தில் 148 நானோமீட்டர் புறஊதா ஒளியைச் செலுத்தி அந்த நிலையைப் பிடித்தன. ஒளியை நிறுத்திய பிறகும் படிகம் பத்து நிமிடத்துக்கும் மேலாகத் தேய்ந்து தேய்ந்து ஒளிர்ந்தது.

அதே ஆண்டு செப்டம்பரில் ஜிலா குழு அதிர்வெண்ணை அளந்து வெளியிட்டது: 2,020,407,384,335 கிலோ ஹெர்ட்ஸ். அந்த அளவீட்டில் தெரிந்த கோட்டுக்குப் பல லட்சம் ஹெர்ட்ஸ் அகலம் இருந்தது. அது லேசருக்குரிய அகலம், தோரியத்துக்குரியதல்ல. தோரியத்தின் சொந்த அகலத்தைப் பார்க்க வேண்டுமென்றால், நிமிடக்கணக்கில் பிசகாமல் அதிரும் ஒரு புறஊதா லேசரை முதலில் யாராவது செய்தாக வேண்டும்.